எட்டு இருபதுக்கே வந்துவிடும் பெண்

கேள்வி: வணக்கம் மேடம். நான் பி.காம். இரண்டாம் வருடம் படிக்கிறேன். முதல் வருடம் கோவையில் ஒரு கல்லூரியில், ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். ஏப்ரலில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. அம்மா எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கப் போகிறார். தம்பி ஒன்பதாவது. வீட்டில் ஆள் வேண்டும் என்று மாற்றல் வாங்கிக்கொண்டு, ஊட்டியில் ஒரு கல்லூரியில் மூன்றாவது செமஸ்டரில் சேர்ந்தேன்.

எங்கள் வீடு சோலூர்மட்டத்தைத் தாண்டி, எஸ்டேட் தொழிலாளர்களுக்கான லைன் வீடு. காலை ஐந்தே முக்காலுக்கு பஸ். கோத்தகிரியில் மாறி, எட்டு இருபதுக்கு ஊட்டி வந்துவிடுவேன். வகுப்பு பத்து மணிக்கு. அதுவரை கிளாஸில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்றரைக்கு வகுப்பு முடிந்ததும் ஓடினால்தான் கோத்தகிரியில் ஐந்தேகால் பஸ் கிடைக்கும். விட்டால் ஏழு மணிக்குத்தான். இறங்கி லைனுக்கு முக்கால் கிலோமீட்டர் நடக்க வேண்டும், கரடி நடமாட்டம் உண்டு.

வகுப்பில் எல்லாரும் முதல் வருடத்திலேயே செட் சேர்ந்துவிட்டார்கள். மூன்று மாதம் ஆகியும் என்னை ‘கோயமுத்தூர் பொண்ணு’ என்றுதான் சொல்கிறார்கள். என்.எஸ்.எஸ்., கலை நிகழ்ச்சி ஒத்திகை எல்லாம் மாலையில். கோவையில் டிபார்ட்மென்ட் அசோசியேஷனில் நான்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பேன். இங்கே யாருமே இல்லாதவள் மாதிரி இருக்கிறேன். முதல் இன்டர்னலில் இரண்டு பேப்பரில் மார்க் குறைந்துவிட்டது. வந்துகொண்டிருந்த புதுமைப் பெண் ஆயிரம் ரூபாயும் நின்றுவிட்டது. மாறி வந்ததே தப்போ என்று தோன்றுகிறது. நான் என்ன செய்யட்டும்?

— இரண்டாமாண்டு மாணவி, கோத்தகிரி வட்டம்

பதில்: அன்புள்ள மகளே, உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, எல்லாரையும் போல, அந்த மூன்றரை மணி ஓட்டம்தான் கண்ணில் நின்றது. இரண்டாம் முறை படிக்கும்போதுதான் நீ ஒரே வரியில் தாண்டிப் போயிருந்த இடத்தில் நின்றேன். எட்டு இருபதுக்கு வருகிறாய், பத்து மணிக்கு வகுப்பு. நடுவில் ஒரு மணி நாற்பது நிமிடம், தினமும். ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் பாத்ரூம் வரிசையும் டிபன் வரிசையும் இருக்கும். ஊட்டி டவுன் பிள்ளைகள் அப்போதுதான் போர்வையை விலக்குவார்கள். கல்லூரியில் அந்நேரம் கையில் வேலையில்லாமல் இருப்பவள் நீ ஒருத்திதான்.

அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தத் ‘தப்போ’.

தப்பில்லை. அப்பா படுத்திருக்கும்போது வீட்டுக்குத் திரும்பியதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. மார்க் குறைந்ததற்கும் நீ மட்டும் காரணம் என்று நினைக்காதே. கல்லூரி மாறுகிறவர்களுக்கு முதல் பருவத்தில் மதிப்பெண் சரிவதை 1965-லேயே ஹில்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் கவனித்து, அதற்கு ‘டிரான்ஸ்ஃபர் ஷாக்’ என்று பெயரே வைத்தார். பெரும்பாலோர் அடுத்தடுத்த பருவங்களில் மீண்டுவிடுகிறார்கள் என்பதும் அவர் எழுதியதுதான். கேள்வித்தாள் போடும் விதம், நோட்ஸ் கொடுக்கும் விதம், எந்த ஆசிரியர் எதைப் பார்த்து மார்க் போடுவார் என்ற ரகசியம் எல்லாம் உன் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வருடப் பழக்கம். உனக்கு மூன்று மாதம். அந்த இரண்டு பேப்பரின் விடைத்தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடமே போய், ‘எங்கே மேம் குறைஞ்சுது?’ என்று கேள். காலையிலேயே கேள், அவர்கள் ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்து பையை வைக்கும் நேரத்தில். ஆளில்லாத அந்த நேரத்தில் ஆசிரியர்கள் மாணவர்களிடம் பேசுகிற பேச்சே வேறு. இதை நான் அந்தப் பக்க நாற்காலியில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்து பார்த்தவள்.

இனி அந்த நேரம். என் கதை கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

1983-ல் நான் குந்தா பக்கத்திலிருந்து ஊட்டிக்குப் படிக்க வந்தேன். சேரன் பஸ், கியர் மாற்றும்போதெல்லாம் அழும். அதை விட்டால் அடுத்த வண்டிக்கு முதல் மணி நேரம் போய்விடும் என்பதால் எட்டு மணிக்கே கல்லூரி வராந்தாவில் நிற்பேன். ஜனவரியில் புல்தரை வெள்ளையாகக் கிடக்கும். மூக்கு நுனி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த அட்டெண்டர் அண்ணன் ஒருநாள், ‘ஏம்மா குளிர்ல நிக்கிற, இந்தா, நீயே திற’ என்று வகுப்புச் சாவியைக் கொடுத்தார். மறுநாளும் கொடுத்தார். நான் திறப்பேன், ஜன்னலைச் சாத்துவேன், சும்மா இருக்க முடியாமல் கரும்பலகையில் தேதி எழுதுவேன். பிறகு நோட்டீஸ் போர்டில் இருப்பதைப் பார்த்து, அன்றைய அறிவிப்பையும் ஓரத்தில் எழுதினேன். ஒரு மாதத்தில் துறைத் தலைவரே சீட்டைக் கொடுத்து ‘இதையும் எழுதிடும்மா’ என்றார். ‘ஸ்காலர்ஷிப் ஃபார்முக்கு என்னைக்குக் கடைசி?’ என்று என்னிடம் வந்து கேட்டார்கள். என் பெயர் அப்படித்தான் பரவியது. என்னை யாருக்கும் பிடிக்க வேண்டும் என்ற அவசியம்கூட இருக்கவில்லை. என்னிடம் சாவி இருந்தது, அவ்வளவுதான்.

நீ கோவையில் முன்னால் நின்றவள். இங்கே வந்ததும் அதே இடத்தைத் தேடுகிறாய், மேடை ஏறுகிற இடத்தை. அது மாலையில் இருக்கிறது, உன்னால் முடியாது. சாவி வைத்திருக்கிற இடம் காலையில் இருக்கிறது. அதைப் பிடி.

என்.எஸ்.எஸ். விஷயத்தில் நான் கொஞ்சம் அதிகாரமாகவே பேசலாம், பன்னிரண்டு வருடம் திட்ட அலுவலராக இருந்திருக்கிறேன். விதி என்ன தெரியுமா? ஒரு தொண்டர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும், அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்று. உனக்கு மிச்சம் இருப்பது கிட்டத்தட்ட இரண்டு வருடம். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வை, வருடத்துக்கு 180. நாளுக்கு நாற்பது நிமிடம் கொடுத்தால் 120 மணி நேரம் வந்துவிடுகிறது. கணக்கு உன் பாடம்தானே, போட்டுப் பார். மாலையில் வைப்பது பல கல்லூரிகளில் எங்கள் வசதிக்காக வந்த பழக்கம். உங்கள் திட்ட அலுவலரிடம் போய், ‘எனக்கு மாலையில் முடியாது சார், காலை எட்டரையிலிருந்து ஒன்பதேகால் வரை என்ன வேலை இருந்தாலும் செய்கிறேன்’ என்று சொல். நாற்று நட்ட இடத்துக்குத் தண்ணீர், வருகைப் பதிவேடு எழுதுவது, முகாம் கணக்கு எழுதுவது என்று மாலைக் கூட்டத்தில் யாரும் கை தூக்காத வேலைகள் இருக்கும். எந்தத் திட்ட அலுவலருக்கும் பதிவேடு எழுத ஆள் கிடைத்தால் பொங்கல் கிடைத்த மாதிரி. அதிலும் நீ பி.காம். ஒரு யூனிட்டுக்கு நூறு பேர் என்பதால் இடமில்லை என்று சொல்லக்கூடும். பாதியில் விட்டுப் போனவர் இல்லாத யூனிட்டை நான் பார்த்ததில்லை, மறுபடி கேள்.

அந்த ஏழு நாள் முகாமைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் வந்துபோகும் பிள்ளைகள்தான் ‘வீட்டில் விட மாட்டார்கள்’ என்று முதலில் ஒதுங்குவார்கள். எனக்கென்னவோ அந்த முகாமே உங்களுக்காக உண்டாக்கினது போலத் தோன்றும். வருடம் முழுக்க உங்களுக்குக் கிடைக்காத சாயங்காலங்கள் ஏழு, மொத்தமாக ஒரே இடத்தில் கிடைக்கின்றன. ஒரே ஹாலில் பாய் போட்டுப் படுத்து, சாம்பாருக்கு மேரக்காய் நறுக்கி, பாத்திரம் யார் கழுவுவது என்று சண்டை போட்டுவிட்டு வந்தவர்களுக்குள் ‘செட்’ கலைந்துவிடும். அதற்கு வீட்டில் இப்போதே அம்மாவிடம் சொல்லி வை. தம்பி ஒன்பதாவது படிக்கிறான் என்றாய். அப்பாவுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கவும், பிசியோதெரபி பயிற்சிக்குக் கைபிடிக்கவும் அவனால் முடியும். பழக்கு. பையன் என்பதால் அவனை விட்டுவைக்க வேண்டாம்.

இதைவிடச் சின்ன அனுமதி ஒன்றும் வாங்கு. வாரத்தில் ஒரே ஒரு நாள், ஏழு மணி பஸ். புதன்கிழமை என்று வை. எந்த நாள் என்பதை மாற்றாதே. நாள் நிலையாக இருந்தால்தான் அம்மாவுக்குப் பயம் குறையும், டார்ச்சோடு பஸ் நிறுத்தத்துக்கு வர யாரையாவது ஏற்பாடு செய்யவும் முடியும். அந்த நிறுத்தத்தில் அந்த பஸ்ஸில் இறங்குகிற வேறு ஆள் யார் என்று விசாரி. எஸ்டேட் பேக்டரி ஷிப்டோ, கோத்தகிரி ஜவுளிக்கடை வேலையோ முடிந்து யாராவது ஒரு அக்கா கட்டாயம் வருவார். கரடி விஷயத்தில் தைரியம் காட்டாதே, பேச்சுக் குரலோடு கூட்டமாக நட. துணை கிடைக்காத வாரம் அந்தப் புதனை விட்டுவிடு. ஐப்பசி மழையில் மூடுபனி இறங்கிய நாளும் அப்படித்தான். ஒரு ஒத்திகை போனால் போகிறது.

அடுத்தது பஸ். அதை இழந்த நேரமாகவே எண்ணுகிறாய். இரண்டு பஸ்ஸிலும் சேர்த்து ஒரு நாளில் நாலரை மணி நேரத்துக்குமேல் உட்கார்ந்திருக்கிறாய். வகுப்பில் இருக்கும் நேரத்தைவிட அது ரொம்பக் குறைச்சல் இல்லை. கோத்தகிரியிலும் கட்டபெட்டிலும் ஏறுகிற கல்லூரிப் பிள்ளைகள் எத்தனை பேர்? வேறு கல்லூரியாக இருக்கலாம், வேறு துறையாக இருக்கலாம். கல்லூரி நட்பு என்றால் ஒரே வகுப்பில்தான் கிடைக்க வேண்டும் என்று யார் சொன்னது? இயர்போனை ஒரு வாரம் பைக்குள் வைத்துவிட்டு ஏறிப் பார். என் ஆயுட்காலச் சிநேகிதி, மஞ்சூரில் ஏறிய ஒரு விலங்கியல் மாணவி. எனக்கு விலங்கியல் இன்றைக்கும் தெரியாது.

அந்தக் கூட்டம் சேர்ந்த பிறகு செய்ய ஒரு வேலையும் இருக்கிறது. கோத்தகிரியிலிருந்து உங்கள் பக்கம் போகும் ஐந்தேகால் வண்டியை ஐந்து நாற்பதுக்கு மாற்றினால் எத்தனை மாணவர்களுக்கு உதவும் என்று எண்ணுங்கள். பெயர், கல்லூரி, வகுப்பு முடியும் நேரம், இறங்கும் ஊர் என்று ஒரு தாள். எல்லாரும் கையெழுத்து. இரண்டு கல்லூரி முதல்வர்களின் பரிந்துரைக் கடிதம். ஒரு பிரதி டிப்போ கிளை மேலாளருக்கு, ஒரு பிரதி திங்கள்தோறும் கலெக்டர் நடத்தும் மக்கள் குறைதீர்க்கும் நாளில். மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள். கொழுந்து எடுத்துவிட்டு அந்த வண்டியில் திரும்பும் பெண்களுக்கு நேர மாற்றம் இடைஞ்சலா என்றும் முதலில் கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மனுவுக்கு எதிராக இன்னொரு மனு போகும். மாறலாம், மாறாமலும் போகலாம். ஆனால் கோவையில் அசோசியேஷனில் முன்னால் நின்ற பெண் இதற்கும் முன்னால் நிற்கலாமே.

மதியச் சாப்பாட்டில் எந்தச் செட்டோடு போய் உட்காருவது என்று நீ கேட்கவில்லை. ஆனால் தனியாகச் சாப்பிடுகிறாய் என்று எனக்குத் தெரிகிறது. ஒன்று சொல்கிறேன். ஆறு பேர் செட்டுக்குள் ஏழாவதாக நுழையப் பார்க்காதே, அது கஷ்டம். வகுப்பில் ஓரமாக இருக்கும் இன்னொருத்தியைத் தேடு. அறுபது பேர் வகுப்பில் தனியாக இருப்பவள் நீ ஒருத்தியாக இருக்கவே முடியாது. பாலிடெக்னிக் முடித்து நேரடியாக இரண்டாம் வருடம் சேருகிற இன்ஜினியரிங் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கூட்டமாக வருவதால் ஒருவருக்கொருவர் துணை. உன்னைப் போலக் கலைக் கல்லூரிக்கு ஒற்றையாக மாறி வருபவர்களுக்குத்தான் அந்தப் பாக்கியம் இல்லை. முதலாம் ஆண்டில் இதுபோல யாராவது இருக்கிறார்களா என்றும் பார். சீனியர் அக்காவாக இருப்பது சில சமயம் சுலபம். ‘கோயமுத்தூர் பொண்ணு’ என்று கூப்பிடுவது கேலியாக இருக்க வேண்டியதில்லை, பெயர் தெரியாததால் இருக்கும். ‘நான் கோயமுத்தூர் இல்லப்பா, சோலூர்மட்டம்’ என்று சிரித்துச் சொல். கீழ்கோத்தகிரிக்காரர் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

குரூப் அசைன்மென்ட் வந்தால் ராத்திரி வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளலாம் என்பார்கள். உங்கள் லைனில் டவர் எடுக்காது என்று முதல் நாளே சொல்லிவிடு. சொல்லாமல் பதில் போடாவிட்டால் திமிர் என்று நினைத்துக்கொள்வார்கள். மதிய இடைவேளையில் இருபது நிமிடம் கேள், உன் பங்கை மறுநாள் காலை ஒன்பதேகாலுக்கு லைப்ரரியில் உட்கார்ந்து முடி.

காகித வேலைகள் இனி, வேகமாகச் சொல்கிறேன். ஆயிரம் ரூபாய் நின்றதற்குப் பெரும்பாலும் உன் யுமிஸ் பதிவுதான், அதாவது கல்லூரி மாணவர் விவரங்களுக்கான அரசின் இணையப் பதிவுதான், காரணமாக இருக்கும். பழைய கல்லூரி அதை விடுவித்ததா, புதிய கல்லூரி ஏற்றதா என்று இரண்டு அலுவலகத்திலும் கேள். இங்கே புதுமைப் பெண் திட்டத்தைப் பார்க்கும் பொறுப்பாசிரியர் ஒருவர் இருப்பார், அவரிடம் எழுத்தில் கொடு. வேறு ஸ்காலர்ஷிப் இருந்தால் அதையும் அப்படியே. கோவையில் படித்த கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி என்றால், முதல் வருடப் பேப்பர்களில் எவை இங்கே ஒத்துவருகின்றன, எவற்றைக் கூடுதலாக எழுத வேண்டும் என்ற இணைத்தன்மைக் கடிதம் உன் கையில் இருக்க வேண்டும். வாய்வார்த்தையாக ‘ஒண்ணும் இல்லம்மா’ என்று சொன்னால் நம்பாதே. ஆறாவது செமஸ்டரில் ஒரு பேப்பர் குறைகிறது என்று அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். என்.எஸ்.எஸ். போன்ற பார்ட் ஃபைவ் விரிவாக்கப் பணிக்கும் மதிப்புப் புள்ளி உண்டு. அங்கே எதிலாவது சேர்ந்திருந்தால் சான்றிதழ் வாங்கி வா.

வருகைப்பதிவு 75 சதவீதம் என்பது உனக்கும் உண்டு. நம் மாவட்டத்தில் மழை விடுமுறை சில நாள் தாலுகா வாரியாக வரும். உங்கள் கோத்தகிரி தாலுகாவுக்கு விடுமுறை, ஊட்டியில் கல்லூரி நடக்கிறது என்றால் உனக்கு ஆப்சென்ட்தான் விழும். மரம் விழுந்து, மண் சரிந்து பஸ் வராத நாளும் அப்படியே. அன்றைக்கே வகுப்பு ஆசிரியருக்குச் செய்தி அனுப்பி, மறுநாள் காலை கடிதம் கொடுத்துவிடு. மாதக் கடைசியில் சேர்த்துச் சொன்னால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் தினம் வந்துபோகிறவர்களுக்கென்றே ஒரு அறை, லாக்கர், சாப்பாடு சூடாக்க மைக்ரோவேவ் எல்லாம் வைத்திருக்கிறார்கள். இங்கே லாக்கர் கேட்டால் சிரிப்பார்கள். துறை அலமாரியில் கீழ்த்தட்டில் ஒரு பை வைக்க இடம் கேள், கொடுப்பார்கள். அதில் ஒரு ஜோடி சாக்ஸ், ஒரு சால்வை, ஒரு குடை. நனைந்த சாக்ஸோடு பத்து மணியிலிருந்து மூன்றரை வரை உட்கார்ந்திருப்பவளுக்கு யாரிடமும் போய்ப் பேசத் தோன்றாது. இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதே, பாதி ஒதுக்கம் குளிரால் வருவது.

கடைசியாக, கேட்கத் தயங்கினாலும் கேட்டுவிடுகிறேன். தூக்கம் வருகிறதா? ஐந்தே முக்கால் பஸ் என்றால் நாலரைக்கு எழுகிறாய். இரவு அப்பாவுக்கும் எழுந்திருப்பாய். சாப்பாடு இறங்காமல், அழுகை நிற்காமல் இரண்டு வாரம் போனால் 14416-க்குப் பேசு. டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் டவர் நன்றாக எடுக்கும்.

திங்கட்கிழமை காலை எட்டு இருபதுக்கு இறங்கியதும் முதலில் அட்டெண்டர் அண்ணனுக்கு ஒரு வணக்கம் சொல். அடுத்த இன்டர்னல் முடிந்ததும் எனக்கு எழுது, அந்த இரண்டு பேப்பர் மார்க்கையும் சேர்த்து.